பால் சேராத பிள்ளை

கடலூரில் ஐப்பசி மழை என்றால் என்னவென்று அவ்வூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெடிலமும் பெண்ணையாறும் ஒருசேரப் பெருகும். குழாயில் வரும் தண்ணீர் கலங்கலாய் வரும். அதைத் தொடர்ந்து தெருவுக்கு நாலு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மழைக்காலத்தில் என் மகளுக்கும் வந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது.

உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும் கொடுத்தோம். நான்கைந்து நாளில் வாந்தி நின்றது, காய்ச்சலும் விட்டது. வயிற்றுப்போக்கு மட்டும் நின்றபாடில்லை. காலையில் ஒரு தம்ளர் பசும்பால் குடிப்பாள். ஒரு மணி நேரத்திற்குள் வயிறு மத்தளம்போல் உப்பும். கடமுடவென்று உள்ளே சத்தம் கேட்கும். பிறகு தண்ணீராய்ப் போகும். உட்காரும் இடமெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. பால் குடிக்காத வேளைகளிலோ ஒன்றும் நடவாததுபோல் விளையாடிக் கொண்டிருப்பாள்.

மலத்தைச் சோதிக்கச் சொல்லிப் பார்த்த குழந்தை மருத்துவர், “பாலிலுள்ள சர்க்கரை இப்போது செரிக்கவில்லை. இரண்டு மூன்று வாரம் பாலை நிறுத்தி வையுங்கள். தயிர் கொடுக்கலாம்” என்றார். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் தாயாருக்கு இது பிடிக்கவில்லை. “பால் குடிக்காத பிள்ளை எப்படித் தேறும்? பாலே சேராதாம், தயிர் மட்டும் சேருமாம். இது என்ன கணக்கு?” என்று கேட்டார். அக்கம்பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. ஆட்டுப்பால் கொடு என்றார் ஒருவர். பாதாமை அரைத்துப் பாலெடு என்றார் இன்னொருவர். பாலில் பாதி தண்ணீர் ஊற்றிக் கொடு என்றார் மூன்றாமவர்.

என் தாயார் கேட்ட கேள்வி நியாயமானது. தயிரும் பாலிலிருந்து வந்ததுதானே? எனக்கு விடை தெரியவில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். வீடு கடலூரில், வேலை சிதம்பரம் பக்கம். நாள்தோறும் பேருந்தில் போகவும் வரவும் ஆகும் இரண்டு மணி நேரத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தக் கதையில் முக்கியமான பகுதிகள் நமக்குப் பக்கத்திலேயே, வேலூரிலும் மைசூரிலும் நடந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பாலுக்குள் ஒரு பூட்டு

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது என்பதை இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர் பார்த்தொலெத்தி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார். மோர்த்தெளிவை வற்றக் காய்ச்சினால் அடியில் வெண்மையாகப் படிவது அதுதான். அது ஒரு தனிச் சர்க்கரை என்று 1780-இல் தெளிவாக்கியவர் சுவீடனில் மருந்துக்கடை நடத்திய வேதியியலறிஞர் ஷீலே. லாக்டோஸ் என்னும் பெயர் பின்னால் வந்தது.

லாக்டோஸ் மூலக்கூறு இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்பது. ஒன்று குளுக்கோஸ், மற்றது காலக்டோஸ். தனித்தனியாக இருந்தால் இவை சிறுகுடலின் சுவர் வழியே இரத்தத்தில் சேரும். கைகோத்து நிற்கும்வரை சேரா. அந்தப் பிணைப்பை வெட்டுவதற்கென்றே சிறுகுடலின் உட்சுவரில், விரல் விரலாக நீட்டிக் கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் பரப்பில், லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. லாக்டோஸ் பூட்டு, லாக்டேஸ் சாவி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சாவி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இங்கே என் பாடம் கொஞ்சம் உதவுகிறது. 150 மில்லி பசும்பாலில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் உண்டு. அது வெட்டுப்படாமல் குடலிலேயே தங்கினால், சவ்வூடு பரவல் விதிப்படி, குடலின் உள்ளே உள்ள நீரின் செறிவும் இரத்தத்தின் செறிவும் ஒன்றாக இருக்கும் அளவுக்குத் தன்னுடன் நீரையும் பிடித்து வைத்துக் கொள்ளும். லாக்டோஸின் மூலக்கூறு எடை 342. கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 7 கிராம் மட்டுமே ஏறத்தாழ 70 மில்லி நீரைக் குடலைவிட்டுப் போகவிடாமல் நிறுத்தும் என்று வருகிறது. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் சிறு துண்டுகளாக உடைக்கின்றன. துண்டுகள் பெருகப் பெருகப் பிடித்து வைக்கும் நீரும் கூடுகிறது. பத்துக் கிலோ எடைகூட இல்லாத ஒரு குழந்தைக்கு இது சிறிய அளவன்று.

நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்னும்போது அமிலங்களும் வாயுக்களும் உண்டாகின்றன. அமிலம்தான் குழந்தையின் தோலைப் புண்ணாக்கியது. வாயுதான் வயிற்றை மத்தளமாக்கியது. அந்த வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன். மனித உடலின் உயிரணு எதுவும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. ஆகவே குடலில் தோன்றும் ஹைட்ரஜன் இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளிவரும்போது, அதை அளந்தே உள்ளே நடப்பதை அறிந்துவிடலாம். லாக்டோஸ் குடித்த பிறகு மூச்சுக் காற்றில் ஹைட்ரஜன் 10 லட்சத்தில் 20 பங்குக்கு மேல் உயர்ந்தால் சர்க்கரை செரிக்கவில்லை என்று பொருள். ஊசி இல்லை, வலி இல்லை. இயற்பியல்காரனுக்குப் பிடித்துப் போன சோதனை இது.

என் மகளுக்கு அது செய்யப்படவில்லை. அவளுக்குச் செய்தது இன்னும் எளியது. பிளஸ் டூ ஆய்வுக்கூடத்தில் நீலநிறப் பெனிடிக்ட் கரைசலுடன் குளுக்கோஸைச் சூடாக்கிச் செங்கல் நிறம் வரவழைத்திருப்பீர்கள். லாக்டோஸும் அதே வகையைச் சேர்ந்த ஒடுக்கும் சர்க்கரைதான். செரிக்காத சர்க்கரை மலத்தில் இருக்கிறதா என்று அந்த வகைச் சோதனையிலேயே தெரிந்து விடும். மதிப்பெண்ணுக்காகச் செய்து மறந்துபோன சோதனை ஒருநாள் வீட்டுக்குள் வந்து நின்றது!

பால்ட்டிமோரிலிருந்து வேலூர் வரை

பால் எல்லாருக்கும் ஏற்ற உணவு, ஒத்துக் கொள்ளாதவர் நோயாளி என்றுதான் மேனாட்டு மருத்துவம் நெடுங்காலம் எண்ணி வந்தது. 1957-இல் அமெரிக்க மருத்துவர் குரோஸ்பி ஒரு சிறு கருவியை உருவாக்கினார். மாத்திரை அளவுள்ள உறை ஒன்றை மெல்லிய குழாயின் நுனியில் பொருத்தி நோயாளியை விழுங்கச் செய்வார்கள். அது சிறுகுடலை அடைந்ததும் குழாய் வழியே காற்றை உறிஞ்சினால், உள்ளே இருக்கும் சிறு கத்தி சுழன்று குடற்சுவரில் அணுவளவு திசுவை வெட்டிக் கொள்ளும். அறுவை இல்லாமலே உயிருள்ள மனிதரின் குடலில் எந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழி பிறந்தது.

அதன் பிறகு, 1965-லும் 1966-லும், பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இரு கட்டுரைகள் வெளியிட்டனர். கறுப்பின மக்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு லாக்டேஸ் குறைவு, வெள்ளையரில் மிகச் சிலருக்கே குறைவு என்பது அவர்கள் கண்ட முடிவு. உலகின் மற்ற பகுதிகளிலும் அளக்கத் தொடங்கினார்கள்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அப்போது பேக்கர், மாத்தன் ஆகிய மருத்துவர்கள் ஸ்புரூ என்னும் குடல்நோயைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். வெப்ப நாடுகளில் காணப்படும் இந்நோயில் உணவு உட்கவரப்படாமல் ஆள் மெலிந்து போவார். நோயாளியின் குடலை எதனோடு ஒப்பிடுவது? நலமுள்ள தென்னிந்தியரின் குடலோடு ஒப்பிட வேண்டும். அதை அமெரிக்கரின் குடலோடும் ஒப்பிட வேண்டும். அந்த ஆய்வு 1970-இல் வெளிவந்தது. நோயே இல்லாத தென்னிந்தியரிடமும் லாக்டேஸ் குறைவு என்பது அதில் தெரிந்தது. 1972-இல் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்தும் இந்தியரின் லாக்டேஸ் குறைபாடு பற்றி ஒரு கட்டுரை வந்தது.

பின்னாளில் கணக்கு இன்னும் துல்லியமாயிற்று. லக்னோவிலும் பெங்களூரிலும் நலமுள்ளவர்களைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சு ஹைட்ரஜன் சோதனைப்படி லாக்டோஸைச் செரிக்க இயலாதவர் வடக்கே 57 விழுக்காடு, தெற்கே 79 விழுக்காடு. அதாவது நம்மில் ஐவரில் நால்வர்!

இது எதனால்? பாலூட்டி விலங்குகள் அனைத்திலும் தாய்ப்பால் குடிக்கும் பருவம் முடிந்ததும் லாக்டேஸ் சுரப்பு குறைந்துவிடும். பூனைக்கும் பசுவுக்கும் அப்படியே, மனிதருக்கும் அப்படியே. குறையாமல் இருப்பதுதான் விதிவிலக்கு. அந்த விதிவிலக்குக்குக் காரணமான மரபுப்பிறழ்வை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். லாக்டேஸ் மரபணுவுக்கு ஏறத்தாழ 14,000 எழுத்துகள் முன்னால், சி என்னும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி இருக்கிறது. அந்த ஓரெழுத்து மாற்றம் உடையவர்களுக்கு முதுமை வரை லாக்டேஸ் சுரக்கும். இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலிருந்தும் 2,284 பேரின் மரபுப்பொருளைச் சோதித்த ஆய்வு 2011-இல் வந்தது. நம் நாட்டிலும் அதே ஓரெழுத்து மாற்றம்தான். ஐரோப்பியரிடம் உள்ளதும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வர வர அது குறைந்து கொண்டே போகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. இந்திய வரைபடத்தை எடுத்து வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்காக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது கடலைத் தொடும் கரையில்தான் கடலூர் இருக்கிறது.

ஐவரில் நால்வருக்கு இருப்பதை நோய் என்று சொல்ல முடியுமா? எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகப் படவில்லை. தவிரவும், லாக்டேஸ் குறைவு என்பதும் பால் குடித்தால் தொல்லை என்பதும் ஒன்றல்ல. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு தம்ளர் பாலைத் தொல்லையில்லாமல் குடிக்கிறார்கள். உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. நாள்தோறும் மூன்று வேளை காபி குடித்துக் கொண்டு, தாமும் அந்த நால்வரில் ஒருவர் என்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்பவர்கள்தாம் நம்மில் மிகுதி.

குழந்தையின் கதை வேறு

இவ்வளவும் படித்துவிட்டு நான் ஒரு தவறான முடிவுக்கு வந்தேன். “இது நம் பரம்பரையிலேயே உள்ளது, இனி இவளுக்குப் பாலே வேண்டாம்” என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். அரைகுறையாகப் படித்தவன் செய்யும் வேலை. அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது அவர் சிரித்தார். “உங்களுக்கு அது பொருந்தலாம், ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது” என்றார்.

பரம்பரையாக வரும் லாக்டேஸ் குறைவு பிறந்தவுடன் தோன்றுவதில்லை. பொதுவாக இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தைகளும் உண்டு. 1959-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹோல்செல் என்ற குழந்தை மருத்துவரும் உடனிருந்தோரும் இதை முதன்முதலில் விவரித்தனர். ஆனால் அது மிக மிக அரிது. அத்தகைய குழந்தைக்குத் தாய்ப்பாலே செரிக்காது. பிறந்த சில நாட்களிலேயே தெரிந்துவிடும். ஆகவே ஒன்றரை வயதுவரை பால் குடித்து வளர்ந்த குழந்தைக்குத் திடீரென்று பால் சேராமல் போனால், வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

காரணம் குடலுறிஞ்சிகளில் இருக்கிறது. லாக்டேஸ் அவற்றின் நுனிப்பகுதியில் மிகுதி. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளில் பல அந்த நுனிகளைத்தான் அரித்துவிடுகின்றன. 1973-இல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்த ரோட்டா வைரஸ் இதில் கைதேர்ந்தது. (அதற்கு எதிராக இந்தியாவிலேயே உருவான தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று, அம்மருந்து 2016 முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.) நுனி அரிக்கப்பட்டதும் லாக்டேஸ் போய்விடுகிறது. மயிர் கத்தரித்தால் மீண்டும் வளர்வதுபோல், நோய் தீர்ந்த சில வாரங்களில் நுனிகள் வளர்ந்துவிடும், லாக்டேஸும் திரும்பிவிடும். ஆகவே இது தற்காலிகமானது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வயிற்றுப்போக்கால் இளைத்த குழந்தைக்குப் பாலை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வேறெதுவும் கொடுக்காமல் இருந்தால், போன நோய் ஊட்டக்குறைவாகத் திரும்பி வரும். ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்குக் குடல் சீராக வளராது. வளராவிட்டால் மீண்டும் வயிற்றுப்போக்கு. இந்தச் சுழலில்தான் குழந்தைகள் இறந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசும்பாலைவிடத் தாய்ப்பாலில்தான் லாக்டோஸ் மிகுதி. 100 மில்லியில் சுமார் 7 கிராம். ஆயினும் வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அதிலுள்ள மற்ற நன்மைகளுக்கு ஈடு கிடையாது.

பாலிலுள்ள புரதம் ஒவ்வாமல் போவது இன்னொரு தனிக் கோளாறு. அதில் தடிப்பு, வாந்தி, சில வேளை மலத்தில் இரத்தம் எல்லாம் காணும், தயிரும் உதவாது. எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அதை நாமே முடிவு செய்தால் நான் செய்ததுபோல்தான் ஆகும்.

பசு இல்லாத பால்

பால் கூடாது என்றால் வேறென்ன கொடுப்பது? இந்தக் கேள்விக்கும் நெடிய வரலாறு உண்டு. 1867-ஆம் ஆண்டை எடுத்துக் கொள்ளுங்கள். அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலையும் கோதுமையையும் சேர்த்துக் குழந்தை உணவு மாவு தயாரித்து விற்கத் தொடங்கினார். அதே 1867-இல் நம் வடலூரில் இராமலிங்க அடிகளார் தருமசாலையைத் தொடங்கி அடுப்பை ஏற்றினார். அது இன்றும் அணையவில்லை. ஒன்று டப்பாவில் உலகம் சுற்றியது. மற்றது வந்தவர்க்கெல்லாம் சோறாகவும் கஞ்சியாகவும் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லைதான். ஆனால் குழந்தைக்கு எது உணவு என்று என் வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் இந்த இரண்டு கட்சியும் இருந்தன.

பால் சேராத குழந்தைகளுக்குச் சோயா மாவைக் கொடுத்துப் பார்த்து 1909-இல் எழுதியவர் ரூரா என்ற மருத்துவர். அவரும் பால்ட்டிமோர்க்காரரே. இந்தியாவில் தாவரப் பாலைப் பற்றித் தீவிரமாக ஆராய்ந்தவர் வி. சுப்பிரமணியன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1940-களில் அவருடைய குழுவினர் சோயாப் பாலை ஆராய்ந்தார்கள். 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபோது அவரே அதன் இயக்குநரானார். அங்கே நிலக்கடலையிலிருந்து பால் எடுத்தார்கள். அந்தப் பாலை உறையவைத்துத் தயிரும் ஆக்கினார்கள்.

நிலக்கடலை என்றதும் எங்கள் மாவட்டத்தாருக்குக் காது நிமிரும். பழைய தென்னாற்காடு மாவட்டம் கடலைக்குப் பேர்போனது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு விளைந்த கடலை புதுச்சேரியில் கப்பலேறிப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு எண்ணெய்க்காகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் இன்றும் அதற்கு மல்லாட்டை என்றே பெயர். மணிலாக்கொட்டை தேய்ந்து அப்படியாயிற்று. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை இரகங்கள் அவ்வூரின் பெயரையே சுமந்திருக்கின்றன. கடலைப் பாலில் லாக்டோஸ் துளியும் கிடையாது, புரதம் உண்டு. மைசூர் ஆய்வாளர்கள் பிறகு கடலைப் புரதத்தை மாட்டுப்பாலோடு கலந்து மில்டோன் என்ற பானத்தை உருவாக்கினார்கள். 1970-களில் பெங்களூரில் அது புட்டிகளில் விற்பனைக்கும் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மைசூரில் இவர்கள் தேடியது பால் சேராதவர்க்கு மாற்று அன்று. பால் கிடைக்காதவர்க்கு மாற்று. அன்று நாட்டின் குறை பால் சேராமை அல்ல, பால் இல்லாமை. மில்டோனில் பசுவின் பாலோ எருமைப் பாலோ கலந்தே இருந்ததால் லாக்டோஸும் இருந்தது. வேலூரில் குடலைச் சோதித்தவர்கள் ஒருபுறம், மைசூரில் கடலையை அரைத்தவர்கள் ஒருபுறம். ஏறத்தாழ ஒரே காலம். இடையே சில மணி நேரப் பயணம். எனினும் இரண்டு ஆராய்ச்சிகளும் தத்தம் வழியே போயின என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. 1998-இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடத்துக்கு வந்தது. பால் பெருகியதும் கடலைப் பாலைத் தேடுவோர் குறைந்தனர். அந்தப் பெருக்கத்தோடு, பால் குடித்தால்தான் பிள்ளை வளரும் என்ற எண்ணமும் உறுதிப்பட்டது. என் தாயார் சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டில் நாள்தோறும் பால் குடித்த குழந்தை எவரும் இல்லை என்பதை அவரே பின்னர் ஒப்புக் கொண்டார்.

கடலைக்கு ஒரு பகையும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஊறியிருந்தது. கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. சமைத்தாலும் எளிதில் அழியாது. கடலையிலிருந்து குழந்தை உணவு செய்ய முனைந்தவர்களுக்கெல்லாம் அன்று முதல் அது தலைவலியாயிற்று. வீட்டில் கடலைப் பால் எடுப்பவர்கள் சுருங்கியதையும் கறுத்ததையும் முளைவிட்டதையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். சிறு குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும்.

தாயாரின் கணக்கு

இனி என் தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். பால் சேராது, தயிர் எப்படிச் சேரும்? உறை ஊற்றியதும் பாலில் பெருகும் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தாமே தின்று புளிப்பு அமிலமாக்கி விடுகின்றன. அதனால் தயிரில் லாக்டோஸ் ஓரளவு குறைவு. ஆனால் அது மட்டுமன்று. 1984-இல் அமெரிக்காவில் கோலார்ஸ் முதலியோர் லாக்டேஸ் குறைந்தவர்களுக்குப் பாலையும் தயிரையும் லாக்டோஸ் அளவு சமமாக இருக்கும்படி கொடுத்து மூச்சில் ஹைட்ரஜனை அளந்தார்கள். தயிர் உண்டபோது வந்த ஹைட்ரஜன் பால் குடித்தபோது வந்ததில் மூன்றிலொரு பங்குதான்! தயிரின் நுண்ணுயிர்கள் தம் உடலிலேயே லாக்டோஸை வெட்டும் நொதியைச் சுமந்து கொண்டு குடல்வரை சென்று அங்கும் வெட்டுகின்றன. தன்னைத் தானே செரித்துக் கொள்ளும் உணவு என்று அவர்கள் அதைச் சொன்னார்கள். தயிரைக் கொதிக்க வைத்தால் இந்த நன்மை போய்விடும். இதை நான் விளக்கியபோது என் தாயார், “அதான் மோர்ச்சோறு போட்டே ஆறு பிள்ளை வளர்த்தேன்” என்று முடித்துவிட்டார். 

மற்றவர்கள் சொன்ன யோசனைகளையும் எடை போட்டுப் பார்த்தோம். ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் பசும்பாலை ஒட்டியே இருக்கிறது, அது மாற்றாகாது. காய்ச்சினாலும் லாக்டோஸ் போகாது. பாதி தண்ணீர் கலந்தால் லாக்டோஸ் பாதியாகும்; புரதமும் பாதியாகும். தேங்காய்ப் பாலில் கொழுப்பு உண்டு, புரதம் சொற்பம். பாதாமை அரைத்துப் பிழிந்த பாலும் பெரும்பாலும் தண்ணீரே. பெயரில் பால் இருப்பதால் மட்டும் ஒன்று பாலாகிவிடாது. சோயாப் பால் புரதத்தில் பசும்பாலை நெருங்குகிறது. ஆனால் கால்சியம் சேர்த்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். இப்போது கடைகளில் லாக்டோஸ் நீக்கிய பாலும் கிடைக்கிறது. நீக்கிய என்பது முழுவதும் சரியன்று. ஆலையிலேயே லாக்டேஸ் சேர்த்து லாக்டோஸை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இரு சர்க்கரைகளும் பாலிலேயே இருப்பதால்தான் அது சற்றுத் தித்திக்கிறது. நல்ல பொருள்தான். மூன்று வாரத்துக்கு அந்த விலை கொடுக்க வேண்டுமா என்பதே எங்கள் வீட்டுக் கேள்வியாக இருந்தது.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340-க்கு மேல்! ஆனால் கேழ்வரகின் கால்சியம் முழுவதும் உடலில் சேராது. அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் அதைப் பிடித்துக் கொள்ளும். முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். முளைகட்டிய கேழ்வரகை அரைத்து, துணியில் வடிகட்டி, பாலெடுத்துக் காய்ச்சும் கூழ் நம் வீடுகளில் தொன்றுதொட்டு உள்ளதுதான். தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்ததும் பால் அன்று. தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவும் அந்த வழியில் வந்ததே. அந்தச் சத்துமாவை வாங்கி வைத்துவிட்டு மாட்டுக்குப் போடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

எங்கள் மகளுக்கு அந்த மூன்று வாரமும் காலையில் கேழ்வரகுக் கூழ், நடுப்பகலில் குழைந்த தயிர்ச்சோறு, மாலையில் பயற்றங்கஞ்சி, இரவில் பருப்பும் கீரையும் மசித்த சோறு. மீன் உண்ணும் வீடு எங்களுடையது. பரங்கிப்பேட்டை நெத்திலியை வேகவைத்து முள்ளோடு பொடியாகும்படி மசித்துச் சேர்த்தோம். முதல் இரண்டு நாள் பால் தம்ளரைத் தேடி அழுதாள். மூன்றாம் நாள் மலம் இறுகியது. இரண்டாம் வாரத்தில் இழந்த எடையைப் பிடித்துவிட்டாள்.

நான்காம் வாரம் மருத்துவர் சொன்னபடி கூழில் இரண்டு கரண்டி பால் கலந்தோம். மறுநாள் நான்கு கரண்டி. வயிறு உப்பினால் நிறுத்தி இரண்டு நாள் கழித்துத் தொடங்க வேண்டும் என்பது கட்டளை. ஒருமுறை அப்படி நிறுத்தவும் நேர்ந்தது.

மார்கழித் திருவாதிரை வந்தது. தில்லையில் தரிசனக் கூட்டம். பேருந்தெல்லாம் நிரம்பி வழிந்தது. வீட்டில் என் தாயார் களி கிண்டினார். வறுத்த அரிசி, பயற்றம்பருப்பு, வெல்லம், தேங்காய், கொஞ்சம் நெய்; பால் இல்லை. ஒரு கிண்ணம் தின்றுவிட்டு, குழந்தை அடுக்களைக்குப் போய்ப் பால் தம்ளரைத் தானே எடுத்து வந்து நீட்டினாள். அரைத் தம்ளர் கொடுத்தோம். ஒரு மணி நேரம் கழித்து என் தாயார் அவளை மடியில் போட்டு வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “சத்தம் இல்லப்பா” என்றார்.

பெரியவளானதும் அவள் ஐவரில் நால்வரில் ஒருத்தியாவாளா, மீதி ஒருத்தியாவாளா என்பது இனிமேல்தான் தெரியும். இப்போதைக்குக் காலையில் பால், இரவில் மோர்.